இரத்தினபுரிக் கல்லும் மூலக்கூறின் சாட்சியமும்

இரண்டு நீலக்கற்களை எடுத்துக்கொள்வோம். எடை ஒன்று, நிறம் ஒன்று, தெளிவும் ஒன்று. ஒன்றின் நீலம் பூமிக்குள்ளேயே உண்டானது. மற்றது உலையில் சுடப்பட்டு நிறம் பெற்றது. சுடாத கல்லுக்கு உலகச் சந்தையில் பன்மடங்கு விலை. எது எந்தக் கல் என்பதைத் தீர்ப்பது வியாபாரியின் வாக்குறுதியன்று. கல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் மூலக்கூறுகள் ஒளிக்குத் தரும் பதில்தான் அதைத் தீர்க்கிறது. அந்தப் பதிலைக் கேட்டு, படித்து, பொருள் சொல்லும் அறிவியலுக்கு மூலக்கூற்று நிறமாலையியல் என்று பெயர். இரசாயனவியலும் பௌதிகவியலும் சந்திக்கும் இடத்தில் அது வளர்ந்தது. எங்கோ தொலைவில், செல்வந்த நாடுகளின் ஆய்வுகூடங்களில் மட்டும் நடக்கும் வேலை என்றே நம்மில் பலர் அதை நினைக்கிறோம். ஆனால் அந்த அறிவியலுக்கு மிகச் சிறந்த மூலப்பொருள் கிடைக்கும் இடங்களில் இலங்கையின் சப்ரகமுவ மாகாணமும் ஒன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத்துப் பிள்ளைகள் ஆராய்ச்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள நினைத்தால், இந்தத் துறை அவர்களுக்கு அந்நியமானதன்று. அவர்கள் மிதிக்கும் மண்ணிலேயே அதன் கேள்விகள் கிடக்கின்றன. இதற்கான ஆதாரங்களையும், இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான வாதங்களையும் இந்தக் கட்டுரை எடுத்துப் பார்க்கிறது.

முதலில் ஒரு கல்லுக்குள் நுழைவோம். இலங்கையின் நீலக்கற்கள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் பாறைகள் உருமாறிய காலத்தில் உருவானவை. அவை வளரும்போது சுற்றியிருந்த பாய்பொருளில் ஒரு துளியைச் சில கற்கள் தமக்குள் அடைத்துக்கொண்டன. உருப்பெருக்கியின் கீழ், அந்தத் துளி அடைபட்ட குழி தெளிவாகத் தெரியும். கூர்மையான முகங்கள் கொண்ட சிறு படிக வடிவத்தில் அது இருக்கும். உள்ளே ஒரு திரவம், அந்தத் திரவத்தில் ஒரு குமிழி. கல்லை மெல்லச் சூடாக்கினால் குமிழி சுருங்கி, 31 பாகை செல்சியசை நெருங்கும்போது மறைந்துவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி தோன்றுகிறது. இரத்தினபுரியின் சித்திரை மாதப் பிற்பகல் வெயிலே இதற்குப் போதும். இந்த வெப்பநிலை தற்செயலானதன்று. காபனீரொட்சைட்டு 31.1 பாகைக்கு மேல் திரவம், வாயு என்று இரண்டாகப் பிரிந்து இருக்க முடியாது. ஆகவே குழிக்குள் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட காபனீரொட்சைட்டு என்று ஊகிக்கலாம். இதிலிருந்து சந்தைக்கு நேரடியான முடிவொன்றும் வருகிறது. கல்லுக்கு நிறம் ஏற்ற அதை ஆயிரம் பாகைக்கும் மேலே சுட்டிருந்தால், உள்ளிருக்கும் அழுத்தம் எகிறிக் குழி வெடித்துச் சுற்றிலும் விரிசல் பாய்ந்திருக்கும். குழி உடையாமல், குமிழி வந்து போய்க்கொண்டிருந்தால் அந்தக் கல் அத்தகைய உலையைக் கண்டதில்லை.

இருந்தாலும் ஊகம் ஊகந்தான். உள்ளே இருப்பது காபனீரொட்சைட்டேதான் என்று கல்லை உடைக்காமல் எப்படி உறுதிப்படுத்துவது? இதற்கான வழியைத் திறந்தவர்கள் இரண்டு தமிழர்கள். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் திரவங்கள் ஒளியைச் சிதறடிப்பதை ஆராய்ந்தார்கள். 1928 பெப்ரவரியில் அவர்கள் உறுதிசெய்தது இதுதான்: ஒரு நிற ஒளியைப் பொருளுக்குள் செலுத்தினால் வெளிவரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. ஒளித்துகள் மூலக்கூற்றில் மோதும்போது தன் ஆற்றலில் கொஞ்சத்தை அதன் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, குறைந்த ஆற்றலோடு வெளியேறுகிறது. எவ்வளவு குறைந்தது என்பது அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுக்குத்தான் இது நேர்கிறது. ஆனால் அந்த ஒன்று பொய் சொல்வதில்லை. 532 நனோமீற்றர் பச்சை லேசர் ஒளியை நீலக்கல்லுக்குள் இருக்கும் குழியில் குவித்தால், கல்லுக்குரிய கோடுகளோடு 571, 574 நனோமீற்றர் அளவில் இரண்டு கூரிய கோடுகளும் வரும். அந்த இரட்டைக் கோடு காபனீரொட்சைட்டின் கையொப்பம். கல்லில் ஒரு கீறலும் விழாது.

இரட்டைக் கோடு என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இரசாயனப் பௌதிகம் என்பது எப்படிச் சிந்திக்கிறது என்பது இங்கேதான் புலப்படும். காபனீரொட்சைட்டு நேர்கோட்டு மூலக்கூறு; நடுவில் காபன், இரு புறமும் ஒட்சிசன். இரண்டு ஒட்சிசனும் ஒரே நேரத்தில் விலகி நெருங்கும் அதிர்வொன்று அதற்கு உண்டு. ராமன் நிறமாலையில் அதற்கு ஒரு கோடு வர வேண்டும். வந்தவையோ இரண்டு. காரணத்தை 1931இல் என்ரிக்கோ பெர்மி கண்டார். மூலக்கூறு வளைந்து நிமிரும் இன்னோர் அதிர்வும் உண்டு. அந்த அதிர்வின் இரட்டிப்பு ஆற்றலும் முதல் அதிர்வின் ஆற்றலும் தற்செயலாக ஏறத்தாழச் சமம். ஒரே விட்டத்தில் கட்டிய இரண்டு ஊஞ்சல்கள் ஒன்றையொன்று ஆட்டிவிடுவதுபோல இரண்டு அதிர்வுகளும் கலந்து, ஒன்று சற்று மேலும் மற்றது சற்றுக் கீழும் தள்ளப்படுகின்றன. 1931இல் இது தூய அறிவுக்கான கேள்வி. யாருக்கும் இதனால் ஒரு சதம் வருமானமில்லை. இன்றோ அந்த இரண்டு கோடுகளின் இடைவெளி, வாயு எவ்வளவு நெருக்கமாக அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அந்த நெருக்கத்தைக் கொண்டு, அந்தத் துளி அடைபட்டபோது பூமியின் ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று புவியியலாளர் கணிக்கிறார்கள். இன்னொரு பக்கம், இதே மூலக்கூற்றின் வளையும் அதிர்வு பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிரை 15 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் விழுங்குகிறது. காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தைச் சூடேற்றும் முக்கிய வழி அதுவே. காபனீரொட்சைட்டின் இந்த ஆற்றலில் கணிசமான பங்கு பெர்மி கண்ட அந்தத் தற்செயலால் வருகிறது என்று 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கல்லின் ஆழத்தை அளப்பதற்கும், மலையகத்தில் மழை எப்படி மாறப்போகிறது என்று கணிப்பதற்கும் அடியில் இருப்பது ஒரே மூலக்கூற்றின் ஒரே கணக்கு. அரநாயக்கவில் 2016 மே மாதம் மலை சரிந்ததைக் கண்ட மாவட்டத்துக்கு அந்தக் கணக்கு வேண்டாத ஆடம்பரமாக இருக்க முடியாது.

அறிவு இல்லாததன் விலை என்ன என்பதற்கு இரத்தினபுரியே சாட்சி. மாணிக்கக் குழியில் இல்லம் எனப்படும் கல் கலந்த சரளையை அள்ளிக் கழுவி அரிக்கும்போது, பால் கலந்தாற்போல் மங்கலான, டீசல் பூசியதுபோன்ற மினுக்கம் கொண்ட குருந்தக்கற்கள் நிறைய வரும். கெவுடா என்று அவற்றை அழைக்கிறார்கள். பல தலைமுறையாக அவற்றுக்கு மதிப்பில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச் சென்றார்கள். அங்கே ஒட்சிசன் குறைந்த உலையில் 1,500 பாகைக்கு மேல் சுட்டபோது அந்த மங்கல் கற்கள் ஆழ்ந்த நீலக்கற்களாக மாறின. நடந்தது மந்திரமன்று. குருந்தம் என்பது அலுமினியம் ஒட்சைட்டு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே இல்லை. கெவுடாவின் பால் மங்கலுக்குக் காரணம் தைத்தேனியம் ஒட்சைட்டின் நுண்ணிய ஊசிகள். வெப்பத்தில் அவை கரைந்து, தைத்தேனியம் கல்லெங்கும் பரவி இரும்பு அணுக்களின் பக்கத்தில் அமர்கிறது. மஞ்சள், செம்மஞ்சள் ஒளி பட்டதும் இரும்பிலிருந்து ஓர் இலத்திரன் பக்கத்துத் தைத்தேனியத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு அந்த ஒளி செலவாகிவிடுவதால் மிஞ்சி வருவது நீலம். பத்தாயிரத்தில் சில பங்கு தைத்தேனியமும் இரும்பும் போதும். இவ்வளவையும் உறிஞ்சல் நிறமாலை காட்டிக்கொடுக்கும். கல் இங்கே இருந்தது. அந்த நிறமாலையைப் படிக்கும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. உலைத் தொழில் பின்னர் இலங்கைக்கும் வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியேறிய செல்வம் வெளியேறியதுதான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, அனுபவசாலியின் கண்ணை எந்தக் கருவியும் மிஞ்சாது என்பது. இதில் பாதி உண்மை. இரத்தினபுரியில் தலைமுறை தலைமுறையாகக் கல் பார்ப்பவர்கள் ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்த மாத்திரத்தில் அறிவது பெரிய அறிவு. அதை யாரும் இழிவாகப் பேசக் கூடாது. 1953இல் எஹலியகொடைப் பகுதிக் கற்களுக்குள் பச்சை நிறமான, வழமைக்கு மாறான ஒன்றைக் கவனித்தவர் எப். எல். டி. ஏக்கநாயக்க என்ற உள்ளூர் இரத்தினவியலாளர். அவருடைய கண் கேள்வியை எழுப்பியது. ஆய்வுகூடம் பதில் சொன்னது: அது தோரியம் கலந்த, கதிர்வீச்சுள்ள, அதுவரை அறிவியல் அறியாத கனிமம். 1961இல் அதற்கு எக்கனைற்று என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்னோர் உதாரணத்தில் கண் தோற்றது. இலங்கையின் தேன் நிறக் கற்கள் சிலவற்றை அனைவரும் பெரிடொட்டின் கபில வகை என்றே நம்பி வாங்கி விற்றார்கள். கைக்குள் அடங்கும் சிறு நிறமாலை காட்டியில் பார்த்தால் பெரிடொட்டுக்குரிய கறுப்புப் பட்டைகளோடு 463 நனோமீற்றரில் மேலதிகமாக ஒரு பட்டை நின்றது. 1952இல் அவை போரன் கொண்ட தனிக் கனிமம் என்று நிறுவப்பட்டு, சின்ஹலைற்று என்ற பெயர் பெற்றன. ஆகவே கண்ணா கருவியா என்பது சரியான கேள்வியன்று. கண் எழுப்பும் ஐயத்தைத் தீர்க்க அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. சோதனைச் சாலையும் சான்றிதழும் வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். அதற்குப் பயிற்சி பெற்ற தொழினுட்பவியலாளர் போதுமே, ஆராய்ச்சியாளர் எதற்கு என்பார்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவாகி இருக்கிறது. கல்லைச் சோதிக்க ஆய்வுகூடங்களும் உண்டு. ஆனால் சோதனை என்பது முன்பே தெரிந்த கேள்விக்குத் தெரிந்த வழியில் பதில் பெறுவது. கேள்வியே புதிதானால் சோதனை கைவிரித்துவிடும். 2001ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இலங்கையின் பெருமைக்குரிய பத்மராகத்தை ஒத்த இளஞ்சிவப்புச் செம்மஞ்சள் கற்கள் தாய்லாந்து வழியாகச் சந்தையில் குவியத் தொடங்கின. வழமையான சோதனைகள் எல்லாவற்றையும் அவை தாண்டிச் சென்றன. பிறகுதான் தெரிந்தது, கற்களை பெரிலியம் உள்ள சூழலில் மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, அந்த மெல்லிய மூலகத்தைக் கல்லுக்குள் ஊடுருவச் செய்திருக்கிறார்கள் என்று. பத்து இலட்சத்தில் சில பங்கு பெரிலியமே நிறத்தை மாற்றியது. அப்போதிருந்த சாதாரணக் கருவிகள் பெரிலியத்தைக் காணவே மாட்டா. லேசரால் கல்லின் நுண்துளியை ஆவியாக்கி அதன் ஒளியையோ திணிவையோ அளக்கும் முறைகளைக் கொண்டு வந்த பின்னரே உண்மை பிடிபட்டது. அந்த நாட்களில் சான்றிதழ் அச்சிடுபவரால் பயனில்லை. நிறம் ஏன் மாறுகிறது என்று அடிப்படையிலிருந்து கேட்கத் தெரிந்தவரே தேவைப்பட்டார்.

நிறமாலையும் ஏமாற்றும் என்பதை மறைக்கத் தேவையில்லை. அதற்கும் இலங்கைக் கல்லே உதாரணம். 1866இல் ஆர்தர் சேர்ச் என்ற ஆங்கில இரசாயனவியலாளர் சேர்க்கன் கற்களின் ஒளியில் விசித்திரமான கறுப்புப் பட்டைகளைக் கண்டார். 1869இல் ஹென்றி கிளிவ்டன் சோர்பி, இலங்கைச் சேர்க்கனில் அந்தப் பட்டைகளை ஆராய்ந்து, புதிய மூலகம் ஒன்றைக் கண்டுவிட்டதாக அறிவித்து அதற்கு ஜார்கோனியம் என்று பெயரும் இட்டார். அடுத்த ஆண்டே அது தவறு என்று தாமே எழுதினார். பட்டைகளுக்குக் காரணம் சேர்க்கனில் நுண்ணளவு கலந்திருந்த யுரேனியம். இந்தக் கதை நிறமாலையியலுக்கு இழுக்கன்று, அதன் பலம். சோர்பியைத் திருத்தியது வேறொரு பெரியவரின் அதிகாரமன்று. அதே நிறமாலை முறையைச் செயற்கையாகச் செய்த கலவைகளில் அவரே மீண்டும் பயன்படுத்திப் பார்த்ததுதான். சாட்சி சொல்வதை அப்படியே ஏற்காமல் குறுக்கு விசாரணை செய்யும் பழக்கமே ஆராய்ச்சி. அந்தப் பழக்கத்தைக் கருவியோடு சேர்த்து விலைக்கு வாங்க முடியாது. ஆண்டுக்கணக்கில் மனிதர்களுக்குள் வளர்க்க வேண்டும்.

இரத்தினபுரியில் இருந்து கேகாலைக்கு வந்தால் கல்லுக்குப் பதில் காரீயம். போகல சுரங்கத்தில் பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடும் காரீயம் 95 வீதத்துக்கு மேல் காபன் கொண்டது. இவ்வகை நரம்புக் காரீயத்தை வணிக அளவில் எடுக்கும் நாடு உலகில் இலங்கை ஒன்றே. இதுவும் மூட்டைகளில் கட்டிக் கப்பலேறிய பொருள்தான். அதே வேளை, காரீயத்தின் உள்ளியல்பைத் துலக்கியவர்களில் ஒருவர் ராமனோடு உழைத்த அதே கிருஷ்ணன். ஒளிச்சிதறலில் இருந்து படிகங்களின் காந்த இயல்புக்கு நகர்ந்த அவர், கங்கூலி என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1939இல் காரீயம் தன் தளத்தின் வழியே மின்சாரத்தை எவ்வளவு நன்றாகவும், அதற்குக் குறுக்கே எவ்வளவு மோசமாகவும் கடத்துகிறது என்று அளந்து காட்டினார். தாள் அடுக்குப் போன்ற அந்தக் கட்டமைப்பில் இருந்து ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்ததற்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தாள்தான் கிராபீன். எத்தனை தாள் இருக்கிறது, அதில் குறை எவ்வளவு என்று இன்று ஒவ்வொரு ஆய்வுகூடமும் பார்ப்பது ராமன் நிறமாலையில். 1,580 என்ற அலையெண்ணில் ஒழுங்கான தாளின் கோடு வருகிறது; தாளில் குறை இருந்தால் 1,350இல் இன்னொரு கோடு எழுகிறது; 2,700ஐ அண்டிய கோட்டின் வடிவம் தாள்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. ஹோமாகமவில் உள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் உள்ளூர்க் காரீயத்தில் இருந்து கிராபீன் தயாரிப்பதில் இறங்கியிருக்கிறது. மூட்டைக்கும் தாளுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை நிரப்புவது அறிவு மட்டுமே.

ஆராய்ச்சி வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்கும் மாணவருக்குக் கிருஷ்ணனின் வாழ்க்கை நல்ல வரைபடம். கிராமத்துப் பள்ளியில் படித்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இரசாயனச் செய்முறை காட்டும் உதவியாளராகத் தொடங்கியவர். பின்னர் கல்கத்தா போய் ஒளியியலில் இறங்கினார். இரசாயனச் செய்முறையில் பழகியவர் பௌதிக ஆய்வுக்குப் போனதால்தான் மூலக்கூறு அவருக்கு இரு பக்கமும் தெரிந்தது. ராமனிடம் 1949இல் சேர்ந்த ஏ. ஜெயராமனின் பாதையும் கவனிக்கத்தக்கது. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் 1950இல் ராமனோடு சேர்ந்து அவர் ஆராய்ந்தவற்றில் இலங்கைச் சந்திரகாந்தக் கல்லின் நீல ஒளிர்வும் ஒன்று. கல்லுக்குள் மிக மெல்லிய அடுக்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் அது வருகிறது. பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இரண்டு வைரங்களுக்கிடையே பொருள்களை நசுக்கி, அவற்றின் ராமன் நிறமாலை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில் உலகறிந்த வல்லுநரானார். வைரங்களுக்கு நடுவே இருக்கும் அழுத்தத்தை அளக்க அத்துறையினர் பயன்படுத்துவது ஒரு கெம்புத் துணுக்கு. லேசர் பட்டால் கெம்பு 694 நனோமீற்றரில் சிவப்பாக ஒளிர்கிறது. ஏறத்தாழ 10,000 வளிமண்டல அழுத்தத்துக்கு அந்தக் கோடு 0.36 நனோமீற்றர் நகர்கிறது. நாளாந்த வேலை இத்தகைய நுண் நகர்வுகளை அளப்பது, அளவையில் பிழை எங்கே என்று தேடுவது, கணக்குப் போட்டு ஒப்பிடுவது, பிறர் சந்தேகப்படும்படி எழுதிவைப்பது. பொறுமை வேண்டிய தொழில். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம், அதன்பின் ஐந்து ஆறு ஆண்டு கலாநிதிப் பட்ட ஆய்வு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விஞ்ஞானக் கலாநிதி மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. கற்பிப்பதற்கும் ஆராய்வதற்கும் உதவித்தொகை பெறுகிறார். இந்த ஒரு தகவல் தெரியாமலே எத்தனையோ பேர் இந்தப் பாதையை எண்ணிப் பார்ப்பதில்லை.

வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடும் தோட்டச் சமூகத்திடம் போய் மூலக்கூற்றின் அதிர்வைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்ற மறுப்பு மனச்சாட்சியோடு கேட்கப்படுவது. அதற்கு மரியாதையான பதில் தேவை. அதைவிடக் கூர்மையான வடிவமும் அதற்கு உண்டு. மாணிக்கக் குழியின் உரிமம் தோட்டத் தொழிலாளியின் பெயரில் இல்லை. காரீயச் சுரங்கம் அவருடையதன்று. அவர் வாழும் லயத்து அறைக்கே உறுதிப்பத்திரம் இல்லை. கல்லின் விலை கூடினால் அவருக்கு என்ன? இந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்கவே முடியாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டு, இரண்டு நூற்றாண்டை நெருங்கும் உழைப்புக்குப் பின்னும் காணியுரிமைக்குக் காத்திருக்கும் மக்கள் அவர்கள். சப்ரகமுவவில் அவர்கள் நுவரெலியாவைப் போலத் திரண்டு வாழ்பவர்களுமல்லர். இறக்குவானை, பெல்மதுளை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை என்று தேயிலைக்கும் றப்பருக்கும் நடுவே சிதறிக் கிடக்கிறார்கள். காணிக்கான போராட்டத்துக்கு அறிவியல் ஈடாகாது. அதை யாரும் அப்படி முன்வைக்கக் கூடாது. ஆனால் உறுதிப்பத்திரம் இல்லாதவரும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடிய, எந்த ஒப்பந்தத்தாலும் நாடு கடத்த முடியாத உடைமை ஒன்று உண்டென்றால் அது ஆழக் கற்ற அறிவு. தாதி, ஆசிரியை, எழுதுவினைஞர் என்று கல்வி வழியாக லயத்தைத் தாண்டியவர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சி அந்த வரிசையில் அடுத்த படி. மற்றப் படிகள் இருக்கும் வேலையில் இடம் தேடித் தருகின்றன. இது புதிய வேலையை உண்டாக்கும் ஆற்றலைத் தருகிறது.

செலவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ராமனின் கருவிகள் எளியவை என்று சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். வடிகட்டிய சூரிய ஒளியில் தொடங்கி, பின்னர் பாதரச விளக்கில் அவர்கள் நிறைய சாதித்தது உண்மை. ஆனால் அதைக் காட்டி இன்றைய மாணவரிடம் வெறுங்கையோடு ஆராய்ச்சி செய் என்று சொல்வது அநீதி. நல்ல ராமன் கருவி விலை கூடியது. அதைப் பராமரிப்பது அதைவிடக் கடினம். ஆனாலும் நிலைமை 1928ஐவிட எளிது. லேசரும் ஒளியுணரிகளும் மலிந்துவிட்டன. கையில் எடுத்துச் செல்லும் ராமன் கருவிகள் சுங்கப் பரிசோதனையிலும் மருந்துத் தொழிலிலும் நடமாடுகின்றன. மூலக்கூற்று அதிர்வைக் கணிக்கும் இலவச மென்பொருள்கள் சாதாரணக் கணினியிலேயே ஓடுகின்றன. காபனீரொட்சைட்டின் அதிர்வுகளை உயர்தர மாணவர் ஒருவரே இன்று கணித்துப் பார்க்கலாம். கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகமும், பெலிஹுல்ஓயாவில் மலையடிவாரத்துச் சப்ரகமுவப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. படித்தவர் வெளிநாட்டிலேயே தங்கிவிடுவார் என்ற கவலையும் உண்மையே. தங்குபவர் தங்கட்டும், திரும்ப நினைப்பவருக்கு இங்கே மேசையும் கருவியும் கேள்வியும் காத்திருக்க வேண்டும். அதை ஆயத்தம் செய்யாமல் போனவர்மேல் குறை சொல்வதில் பொருளில்லை.

ஆகவே தடை உண்மையில் எங்கே இருக்கிறது? மாணவரின் மூளையிலோ மண்ணிலோ அன்று, பாடசாலையில். சப்ரகமுவவின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை மிகச் சில. உள்ள இடங்களிலும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் கிடைப்பது பாடு. சாதாரணதரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, பக்கத்தில் விஞ்ஞானம் இல்லாததால் கலைப்பிரிவுக்குத் திரும்புகிறது. அது விருப்பத்தால் எடுத்த முடிவன்று. இங்கே செய்ய வேண்டியவை பெரிய கனவுகள் அல்ல. மாவட்டத்துக்கு ஓரிரண்டு தமிழ்ப் பாடசாலைகளிலாவது முழுமையான விஞ்ஞானப் பிரிவும், தூரத்துத் தோட்டப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் வேண்டும். விளிம்பு விளைவுக் கீற்றணியும் அட்டைப் பெட்டியும் கொண்டு செய்யும் சிறு நிறமாலை காட்டி ஒவ்வொரு ஆய்வுகூடத்திலும் இருக்க வேண்டும். ஊர்க் கற்களையே அதில் வைத்துப் பார்க்கப் பழக்கலாம். இரத்தினக்கல் துறையின் வருமானத்தில் ஒரு சிறு பகுதி இம்மாவட்டங்களின் மாணவருக்கு ஆய்வுப் புலமைப்பரிசிலாகத் திரும்பி வரவேண்டும். மண்ணைத் தோண்டி எடுப்பவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் செய்யும் கடன் அது. தமிழில் கற்ற பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும்போது தடுமாறாதபடி முதலாண்டிலேயே கைகொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். கெவுடா ஒருமுறை கைநழுவியது, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அன்று இங்கே ஆளில்லாததால். இறக்குவானைப் பாடசாலை ஒன்றிலும் தெரணியகலைப் பாடசாலை ஒன்றிலும் விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்புவதில் இருந்து அந்த ஆளை உருவாக்கத் தொடங்கலாம். அதற்கு லேசரும் வேண்டாம், நோபல் பரிசும் வேண்டாம். மாகாணக் கல்வித் திணைக்களத்தின் ஒரு தீர்மானமும், அதை விடாமல் கேட்கும் பெற்றோரும் போதும்.